வக்கீலின் இருமல்

உள்ளே யாரோ இருமினார்கள்.

அடக்கி அடக்கிப் பார்த்து, இனி முடியாது என்று ஆனபின் தொண்டையைப் பிய்த்துக்கொண்டு வருகிற இருமல். ஒரு தரம். சற்றுப் பொறுத்து இன்னொரு தரம்.

கண்ணாடிக் கடையில் பிரேம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள், மூக்கின் மேல் இருந்ததைக் கழற்றிவிட்டுப் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"உள்ள யாருக்குங்க உடம்பு சரியில்ல?"

"உள்ள யாருமில்லைங்க" என்றாள் அந்தக் கடையில் லென்ஸ் தேய்க்கும் பெரியவள்.

அது பொய்யில்லை. லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில், பழைய துண்டு போர்த்திய கூண்டு ஒன்றுதான் இருந்தது. கூண்டுக்குள் வக்கீல்.

வக்கீல் என்றால் கறுப்புக் கோட்டு வக்கீல் இல்லை. பச்சைக் கோட்டு. பெரியவளின் தம்பி துரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது பாப்பா கையோடு கொண்டுவந்தது ஒரு பெட்டியும் இந்தக் கிளியும்தான். பிறந்த வீட்டில் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டார்கள். இங்கேயும் அதுவே ஒட்டிக்கொண்டது. இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். 'பாப்பாவுக்குப் பாப்பா' என்று சொல்லிச் சிரிக்காதவர்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை. கிளிக்குப் பெயர் வைத்தவர் பெரியவளின் அப்பா. யார் எதைச் சொன்னாலும் அது கழுத்தைச் சாய்த்து, "யார் சொன்னது?" என்று எதிர்க்கேள்வி போடும். "இது கிளி இல்ல, வக்கீல்" என்றார். பெயர் நின்றுவிட்டது.

அந்த வக்கீல் வாயை மூடி ஒரு வாரத்துக்கு மேலாகிறது. பழத்தைத் தொடுவதில்லை. இறகை உப்பவைத்துக்கொண்டு, பஞ்சு பிதுங்கிய தலையணை மாதிரி ஒரு மூலையில் கிடக்கிறது. எச்சம் கரும்பச்சையாகப் போகிறது. நேற்றுக் கம்பியிலிருந்து கால் நழுவிக் கீழேயே விழுந்துவிட்டது. அதைப் பார்த்துப் பாப்பா அழுத அழுகையைத் தாங்க முடியாமல்தான், பெரியவள் இன்று கூண்டையும் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். பறவை டாக்டரின் கிளினிக் அடுத்த தெருவில் இருக்கிறது. திறந்ததும் ஓடிவிட்டு வரலாம் என்று கணக்கு.

ஆனால் இருமல்? இருமல் புதிது.

அவள் பட்டறைக்குள் போய்த் துண்டை விலக்கினாள். வக்கீல் அரைக்கண்ணால் பார்த்தது. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு தொண்டைக்குள் ஏதோ கிறீச்சிட்டது. சர்ரென்று ஓர் இரைச்சல். உடனே அந்த இருமல்.

பெரியவளின் கையில் இருந்த லென்ஸ் மேசையில் விழுந்து விளிம்பு தெறித்தது. இத்தனை வருஷ வேலையில் அவள் கையிலிருந்து லென்ஸ் நழுவியதை யாரும் பார்த்ததில்லை.

முதலாளி கதவருகில் நின்றார். நல்ல மனுஷன்தான். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. கடைக்கு வர்றவங்க பாதிப் பேர் வயசானவங்க. அது ஏதோ ஒட்டுவாரொட்டியா இருந்துட்டா…"

"கிளம்பிட்டேங்க" என்றாள்.

*

பறவை டாக்டர் சின்ன வயசுப் பெண். முன்கை முழுக்கக் கீறல் தழும்பு. வக்கீலைத் துண்டோடு சேர்த்து லாகவமாகப் பிடித்து, மார்பெலும்பை விரலால் தடவினாள்.

"எலும்பு கத்தி மாதிரி இருக்கு. சாப்பிடவே இல்லையா?"

"தண்ணி மட்டும் குடிக்குது. இன்னிக்கு இருமல் வேற."

"இருமலா?"

கேட்டது போல வக்கீல் மறுபடி இருமியது. டாக்டர் அசையாமல் நின்று கேட்டாள். அவள் முகம் மாறியது.

"இன்னொரு தரம் வருதான்னு பாப்போம்" என்று கூண்டருகில் காதை வைத்துக்கொண்டாள். வந்தது.

"இது இருமல் இல்லைங்க" என்றாள்.

பெரியவளுக்குப் புரியவில்லை. "பின்ன?"

"பறவைக்கு மூச்சுக் கோளாறுன்னா தும்மும், வாலை ஆட்டி ஆட்டி மூச்சு வாங்கும். நம்மள மாதிரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இப்படி இருமாது. இது பேசுது. உங்க வீட்ல யாரோ இருமறதைக் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டிருக்கு."

"எங்க வீட்ல யாருக்கும் இருமல் இல்லைங்களே."

"யாருக்கோ இருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் கேட்டா இவ்வளவு சுத்தமா வராது. இருமலுக்கு முன்னால ஒரு சத்தம் வருது பாருங்க, கிறீச்சுன்னு. அது என்ன?"

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கிறீச்… சர்ர்ர்… இருமல்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

பின்பக்க பால்கனிக் குழாய். வாஷர் போய், திருகும்போதெல்லாம் கிறீச்சிடுகிற குழாய். பகல் பூராவும் வக்கீலின் கூண்டு தொங்குவது அந்தக் குழாய்க்கு நேர் மேலேதான்.

யாரோ குழாயைத் திறந்து விடுகிறார்கள். தண்ணீர்ச் சத்தம் வந்த பிறகு இருமுகிறார்கள். இருமுவது வீட்டில் யாருக்கும் கேட்கக்கூடாது என்று.

"வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?" டாக்டரின் குரலில் விளையாட்டு போய்விட்டிருந்தது.

"நான், எங்கப்பா, தம்பி, தம்பி பொண்டாட்டி. அவ மாசமா இருக்கா."

டாக்டர் கையுறையைக் கழற்றினாள். "பயமுறுத்தறேன்னு நெனைக்காதீங்க. கிளிக் காய்ச்சல்னு ஒண்ணு உண்டு. பறவைகிட்டேருந்து மனுஷங்களுக்கு நெஞ்சுல தொத்தும். அதுதான்னு நான் சொல்லல. ஆனா பறவையும் படுத்திருக்கு, வீட்ல யாரோ ஒளிஞ்சு இருமறாங்கன்னா அதை விட்டுட முடியாது. மாசமா இருக்கறவங்களைக் கூண்டுக்கிட்டயே அண்ட விடாதீங்க. இருமறவங்க யாரா இருந்தாலும் இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வீட்ல கிளி இருக்குன்னு மறக்காம சொல்லுங்க."

வக்கீலுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் வயிற்றுப் பக்கம் வெள்ளையாக ஒரு பொட்டு. "பறவைங்க முழுங்கற கல்லுப்பொடியா இருக்கலாம். எனக்குச் சரியாச் சொல்லத் தெரியல. எங்க பெரிய டாக்டருக்கு அனுப்பறேன், சாயங்காலத்துக்குள்ள கூப்பிடறேன்" என்றாள் டாக்டர். இங்கே வைத்துக்கொள்ளலாம் என்றால் பக்கத்து அறை முழுக்க நாய். அந்தக் குரைப்பிலேயே இது போய்விடும். இரண்டு சொட்டு மருந்தோடு கூண்டு மறுபடி பெரியவள் கைக்கு வந்தது.

வாடகைக் காரில் வீடு போகும் வழியெல்லாம் அவள் ஒரே ஒருவரைத்தான் நினைத்துக்கொண்டு போனாள். அப்பா. பழைய சிகரெட் அப்பா.

*

வாழ்நாள் பூராவும் ஊரில் உள்ளவர்களின் லிப்ட்டைப் பழுதுபார்த்தவர் அப்பா. குடியிருப்பது மட்டும் லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. படியேறும்போது அவருக்கு மூச்சு வாங்குவதைப் பெரியவள் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். வயசு என்று விட்டுவிட்டாள்.

கூண்டைத் தன் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு நேரே பின்பக்க பால்கனிக்குப் போய்க் குழாயைத் திருகினாள்.

கிறீச். சர்ர்ர்.

அச்சு அசல் அதே சத்தம். மதிய வெயிலில் நின்றுகொண்டிருந்தவளுக்குக் கை மயிர் சிலிர்த்தது.

"தண்ணியை எதுக்கு வீணாக்கற?" அப்பா பின்னால் வந்து நின்றார். "டாக்டர் என்ன சொன்னாங்க?"

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும். உங்களுக்கு இருமல் இருக்கா?"

"எனக்கா?"

"மறுபடி சிகரெட் பிடிக்கறீங்களா?"

"அதைத் தூக்கிப் போட்டுத் தலைமுழுகி எவ்வளவு காலமாச்சு! யாரு கோள் மூட்டினது? கீழ் வீட்டுக்காரனா?"

"வக்கீல்தான் சொல்லுது" என்றாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். குழாய்ச் சத்தம், இருமல், கிளிக் காய்ச்சல். "பயமா இருக்குப்பா. எங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு குழாயைத் திறந்து விட்டுட்டு இருமினது நீங்கதானே?"

அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, நான் இருமினா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். தும்மினா கீழ் வீட்ல பாத்திரம் உருளும். குழாயைத் திறந்து விட்டு நாசூக்கா இருமறதுக்கு நான் என்ன புதுப் பொண்ணா?"

சொல்லிவிட்டு அவரே நின்றார்.

பெரியவளும் அவரைப் பார்த்தாள். அவள் காலையில் கடைக்குப் போகிறவள். துரை ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். விடிவதற்கு முன்னால் போனால் சாயங்காலம்தான் வருவான். பகலில் இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். துரையின் அறைக்கதவு சாத்தியிருந்தது.

"இல்லம்மா" என்றார் அப்பா, மெதுவாக. "அதுவா இருக்காது. இல்லம்மா."

*

பாப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் வீட்டில் உள்ள தலையணை எல்லாம் இருந்தது. பெரியவளின் தலையணையும்தான். நாலைந்து நாளாகத் தேடிக்கொண்டிருந்த தலையணை.

"வக்கீல் எப்படி இருக்கான் அண்ணி?"

"மருந்து குடுத்திருக்காங்க." பெரியவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நீ எப்படி இருக்க?"

"எனக்கென்ன? நல்லாத்தான்… இருக்கேன்."

நடுவில் ஒரு மூச்சு. அந்த ஒரு சின்ன வாக்கியத்துக்கு நடுவில் அவளுக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. பெரியவள் அதை இன்றைக்குத்தான் கவனித்தாள். இத்தனை நாளாகக் கண்ணில்லையா எனக்கு? ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறேன்!

"பாப்பா, குழாயைத் திறந்து விட்டு இருமறியா?"

பாப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. இல்லை என்று தலையாட்டினாள். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வந்துவிடும் என்பது தெரிந்தது. உதட்டைக் கடித்தாள், கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கட்டியது. கடைசியில் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமினாள்.

ஒரு தரம். சற்றுப் பொறுத்து இன்னொரு தரம். காலையில் பட்டறையில் கேட்ட அதே இருமல்.

பெரியவள் அவள் முதுகைத் தடவினாள். முதுகு சில்லென்று வியர்த்திருந்தது.

"எவ்வளவு நாளா?"

"மழை ஆரம்பிச்சதுலேருந்து."

"அடிப்பாவி! ஏன் சொல்லல?"

"சொன்னா உடனே வக்கீல் மேலதான் பழி விழும். குழந்தை பொறக்கறதுக்குள்ள அதை யாருக்காவது குடுத்துடணும்னு அவர் ஏற்கெனவே சொல்லிட்டே இருக்காரு." பாப்பா மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீங்க. போன தடவையும் நான் ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனேன் அண்ணி. வயித்துல குழந்தையோட போனேன். வரும்போது ஒண்ணுமில்லாம வந்தேன்."

அந்த நாளைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. பெரியவள் பாப்பாவின் செருப்பைக் குனிந்து எடுத்தாள். மாட்டிவிடப் பார்த்தால் கால் நுழையவில்லை, அப்படி வீங்கியிருந்தது.

"என்னோடதைப் போட்டுக்க" என்றாள். "எழுந்திரு. நான் உன் கையை விடமாட்டேன். கிளம்பு."

*

ஆஸ்பத்திரியில் அன்று கூட்டம். டியூட்டி டாக்டர் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், பாதி நின்றும் பாதி நடந்தும் பேசுகிற ஆள். பெரியவள் அவரை விடவில்லை. கிளி, எச்சம், இருமல், பறவை டாக்டர் சொன்னது. வழிமறித்து நின்று சொன்னாள். அவர் தலை நிமிராததால் இன்னொரு முறை சொன்னாள். நர்ஸிடம் சொன்னாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

"கிளியா?" என்று கடைசியில் அவர் நின்றார். பாப்பாவின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "நெஞ்சுல சளி மாதிரி சத்தம் இருக்கு. காய்ச்சல் இல்ல, அதான் இடிக்குது. ஆனா நீங்க சொல்றதைப் பாத்தா கிருமியாத்தான் இருக்கும். அட்மிட் பண்ணிடுங்க."

பிறகு குழந்தையின் துடிப்பைத் தேடினார்கள்.

நர்ஸ் அந்தச் சின்னக் கருவியைப் பாப்பாவின் வயிற்றில் வைத்து நகர்த்தினாள். கரகரவென்று இரைச்சல். இடது பக்கம். இல்லை. கொஞ்சம் கீழே. இல்லை. பாப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பெரியவளின் விரல்களை அவள் பிடித்திருந்த பிடியில் விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது. நர்ஸ் எதுவும் பேசவில்லை. பேசினால் தேவலை என்று இருந்தது. பெரியவள் எந்தக் கடவுளைக் கூப்பிடுவது என்று தெரியாமல் எல்லோரையும் கூப்பிட்டாள்.

வலது பக்கம், விலாவுக்குக் கீழே, குடுகுடுவென்று ஓடியது.

"ஒளிஞ்சு விளையாடுது உங்க புள்ள" என்றாள் நர்ஸ்.

பாப்பா அழவில்லை. பெரியவள்தான் அழுதாள்.

டிரிப்ஸ் ஏற்றத் தொடங்கிய சமயத்தில் துரை வந்து சேர்ந்தான். கம்பெனிச் சட்டை, கையில் வேன் சாவி, மேலெல்லாம் ரொட்டி வாசனை. சின்ன வயதிலிருந்தே எல்லோரையும் அதட்டி வேலை வாங்குவதால்தான் அவனுக்குத் துரை என்று பெயர். இப்போது அந்தத் துரைத்தனம் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"அப்பா போன்ல சொன்னாரு. கிளியாலதானா?"

"அப்படித்தான் நெனைக்கறாங்க. உள்ள போய் அவளைப் பாரு."

"பாக்க மாட்டேன். பாத்தா திட்டிடுவேன். படிச்சுப் படிச்சுச் சொன்னேன்க்கா, அந்தச் சனியனை வெளிய அனுப்புன்னு. கேட்டாளா? இந்தக் குழந்தைக்கும் ஏதாவது ஆச்சுன்னா…" சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பிறகு சொன்னான். "நான் வீட்டுக்குப் போறேன். அது இனிமே என் வீட்ல இருக்கக்கூடாது."

பெரியவள் தடுத்திருக்கலாம். பறவை டாக்டர் கூப்பிடும் வரை பொறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் விரல் நுனியில் இன்னும் பாப்பாவின் பிடி வலித்துக்கொண்டிருந்தது. அவளுக்கும் அந்த நிமிஷத்தில் கிளியைப் பிடிக்கவில்லை.

"என்னமோ பண்ணு" என்றாள்.

அவன் போய்விட்டான்.

*

வெளியே வெயில் இறங்கி, வராந்தாவில் விளக்குப் போட்டார்கள். முதலில் அப்பா கூப்பிட்டார்.

"துரை வந்தாம்மா. கூண்டைத் தூக்கிட்டுப் போயிட்டான். எங்கடான்னு கேட்டா வாயைத் திறக்கல. நான் படியிறங்கி ஓடினேன். அதுக்குள்ள வேனை எடுத்துட்டான்." அவருக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை. "அது கம்பியைப் பிடிக்கக்கூட முடியாம கெடந்துச்சும்மா."

"நான் பாத்துக்கறேம்ப்பா" என்று போனை வைத்தாள். வைத்த கையோடு மறுபடி மணி அடித்தது. பறவை டாக்டர்.

"எங்க பெரிய டாக்டர் படத்தைப் பாத்துட்டாருங்க. அது கல்லு இல்ல. உலோகம். ஏதோ ஈயத்துண்டை உங்க கிளி கொறிச்சு முழுங்கியிருக்கு. அந்த விஷம்தான் ரத்தத்துல ஏறிக்கிட்டிருக்கு. உப்பிக்கிட்டு இருந்தது, விழுந்தது, பச்சையாப் போனது, எல்லாத்துக்கும் காரணம் அதுதான். கிளிக் காய்ச்சலுக்கான அடையாளம் எதுவுமே இல்ல."

"அப்படின்னா… தொத்து வியாதி இல்லையா?"

"இல்லைங்க. ஆனா உடனே கொண்டாங்க. இன்னிக்கு ராத்திரிக்குள்ள ஊசியை ஆரம்பிச்சாப் பொழைக்க வழி இருக்கு. நாளைக்குன்னா என்னால எதுவும் சொல்ல முடியாது." டாக்டர் கொஞ்சம் தயங்கினாள். "இருமறவங்க யாருன்னு கண்டுபிடிச்சீங்களா? அவங்க டாக்டர்கிட்ட உடனே சொல்லிடுங்க. அந்த இருமலுக்கும் கிளிக்கும் சம்பந்தமே இல்ல. அது வேற ஏதோ."

வேற ஏதோ.

அந்த இரண்டு வார்த்தையும் காதில் விழுந்தபோதுதான் பெரியவளுக்கு உண்மையில் குலை நடுங்கியது. வியாதிக்கு ஒரு பெயராவது இருந்தது இத்தனை நேரம். கோபித்துக்கொள்ள ஒரு பறவையாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

வார்டுக்கு ஓடினாள். பாப்பா படுத்திருந்தவள் எழுந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். டிரிப்ஸ் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. மதியம் ஒரு வாக்கியத்துக்கு ஒரு மூச்சு வாங்கினவள், இப்போது வார்த்தைக்கு வார்த்தை வாங்கினாள்.

"படுக்க… முடியல… அண்ணி."

பெரியவள் வராந்தாவுக்கு வந்து போட்ட சத்தத்தில் டியூட்டி டாக்டர் மட்டுமல்ல, கூட்டமே திரும்பியது.

"கிளிக்கு அந்த நோய் இல்லையாம் டாக்டர்! வேற விஷமாம்! இவளுக்கு இது கிளியால வரலையாம்!"

அவர் வந்து பாப்பாவைப் பார்த்தார். காலைப் பார்த்தார். கணுக்காலில் கட்டை விரலை அழுத்தி எடுத்தார். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது.

"படுத்தா இருமல் கூடுதா?"

பாப்பா தலையாட்டினாள்.

"தூங்கறது எப்படி?"

"உக்காந்துதான்" என்றாள் பெரியவள், அவளுக்குப் பதிலாக. "வீட்ல இருக்கற தலையணை எல்லாத்தையும் வெச்சுக்கிட்டு உக்காந்தே தூங்கறா டாக்டர். நான் இன்னிக்குத்தான் பாத்தேன்."

டாக்டர் கை நீட்டி, டிரிப்ஸை அவரே நிறுத்தினார். நர்ஸைக் கூப்பிடக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"சிஸ்டர், ஆக்சிஜன் வைங்க. இதய டாக்டரை உடனே வரச் சொல்லுங்க. ஸ்கேன் ரூமைத் திறங்க." பிறகு பெரியவளைப் பார்த்தார். இப்போது அவர் பாதி நின்று பாதி நடந்து பேசவில்லை. நேராக நின்று பேசினார். "நீங்க கிளியைப் பத்திச் சொன்னதுல நானும் கிருமின்னே நெனைச்சுட்டேன். நெஞ்சுல இருக்கறது சளி இல்லன்னு தோணுது. தண்ணி. இதயம் பலவீனமாயிட்டா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். மாசமா இருக்கறப்போ சில பேருக்கு அப்படி ஆகறது உண்டு."

"அப்ப இந்த டிரிப்ஸ்?"

"இன்னும் கொஞ்ச நேரம் அந்தத் தண்ணியும் ஏறியிருந்தா விபரீதமாயிருக்கும். நீங்க வந்து கத்தினீங்களே, நல்லதாப் போச்சு."

"குழந்தைக்கு…?"

"முதல்ல அம்மாவைப் பாப்போம்."

அந்தப் பதிலைப் பெரியவள் விரும்பவில்லை.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து பாப்பா ஏதோ கேட்டாள். பெரியவள் கூடவே ஓடிக்கொண்டு குனிந்தாள்.

"வக்கீல்… யார்கூட… இருக்கான்?"

"துரைகூட" என்றாள். உண்மைதானே என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். பாப்பாவின் கண் கொஞ்சம் தளர்ந்து மூடியது. ஸ்கேன் அறைக் கதவு அவளை உள்ளே வாங்கிக்கொண்டு மூடியது.

பெரியவள் துரைக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, எடு எடு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போட்டாள்.

எடுத்தான்.

"துரை, எங்க இருக்க? கேளு, குறுக்க பேசாத. கிளியால இல்லடா. கிளிக்குத் தொத்து வியாதியே இல்ல. அதுக்கு உடனே ஊசி போடணும், பறவை டாக்டர் காத்துக்கிட்டிருக்காங்க. கூண்டை அங்க குடுத்துட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வா. பாப்பாவுக்கு… நீ வா, நேர்ல சொல்றேன்."

மறுமுனையில் வேன் இன்ஜின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அது நின்றது.

"அக்கா." குரல் சின்னப் பையனுடைய குரலாக இருந்தது. "கூண்டு என்கிட்ட இல்லக்கா."

"என்னடா சொல்ற?"

"சிக்னல்ல வேன் நின்னுச்சு. பக்கத்துல ஒரு கார். ஜன்னல்ல ஒரு அம்மா கூண்டையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. கிளி வேணுமான்னு கேட்டேன். கையை நீட்டினாங்க. குடுத்துட்டேன். யாருன்னு தெரியாது, எந்தப் பக்கம் போனாங்கன்னும் பாக்கல. பச்சை விழுந்துச்சு, நான் வந்துட்டேன்."

பெரியவள் வாயைத் திறந்தாள். அதற்குள் ஸ்கேன் அறைக் கதவு திறந்தது. நர்ஸ் வெளியே வந்து வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணோட புருஷன் எங்க? கையெழுத்து வேணும். உடனே வரணும்!"